மென்பொருளுக்கும் மராமத்து உண்டா?

ஆண்டுதோறும் ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் ஜூன் 14-ஆம் தேதி வரை 61 நாட்களுக்குத் தமிழகத்தின் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குள் செல்லலாகாது என்பது அரசாங்கத்தின் விதி. மீனினம் பெருகுவதற்காக ஏற்பட்ட இந்த ஓய்வுக் காலத்தை இராமநாதபுரம் மாவட்டத்துப் படகுக்காரர்கள் மராமத்துக் காலமாகவே பாவித்து வருகிறார்கள். படகுகள் கரையேற்றப்பட்டு, பலகை மாற்றுதல், பலகை இடுக்குகளில் கலப்பத்து அடைத்தல், வர்ணம் பூசுதல், இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தல் ஆகிய காரியங்கள் வரிசையாக நடைபெறுகின்றன. அந்தச் செலவை நினைத்துப் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டே தவிர, செலவு அவசியந்தானா என்று கேட்பவர் ஒருவரும் இல்லை. உப்பு நீரில் கிடக்கும் மரம் இற்றுப்போவதை எல்லோரும் கண்ணாலேயே காண்கிறார்கள்.

தேவிபட்டினத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரமாகப் பாக் விரிகுடாவைப் பார்த்திருக்கும் திருப்பாலைக்குடியில், நண்டும் மீனும் வாங்கி வெளியூருக்கு அனுப்பும் கமிஷன் கடைக்காரர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடையில் ஒரு கணிப்பொறி. அதில் வரவு செலவு எழுத டேலி என்னும் மென்பொருள். ஒரு நாள் காலை ஏலம் மும்முரமாக நடந்துகொண்டிருக்கையில், கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்யும் இளைஞர் போனில் கூப்பிட்டு, "பாய், உங்க டேலி ரெனியூவல் இந்த மாசத்தோட முடியுது; போட்டுடலாமா?" என்று கேட்கிறார். கடைக்காரர் யோசிக்கிறார். பலகை இற்றுப்போகும், வலை கிழிந்துபோகும், இயந்திரம் தேய்ந்துபோகும். ஒரு முறை காசு கொடுத்து வாங்கிய மென்பொருளில் தேய்வதற்கு என்ன இருக்கிறது? நேற்றுக் கூட்டியதைப் போலத்தானே இன்றும் கூட்டுகிறது?

கேள்வி நியாயமானது. இராமநாதபுரத்து அச்சகக்காரரும், சென்னையின் பெரிய கம்பெனி நிர்வாகியும், ஐரோப்பாவின் ஆலை முதலாளியும் ஒருவர் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கும் கேள்வி இது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் இதற்கு விடை சொல்லிவிட முடியாது.

பணம் எதற்குப் போகிறது?

ரெனியூவல், ஆண்டுச் சந்தா, ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) என்று பலவாறாக வழங்கும் இந்த ஏற்பாட்டில் மூன்று வெவ்வேறு சரக்குகள் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. முதலாவது, திருத்தம்: மென்பொருளில் பிற்பாடு தெரியவரும் பிழைகளையும், திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளையும் அடைத்துத் தருவது. இரண்டாவது, புதுப் பதிப்பு: சட்டமும் சாதனங்களும் மாறுகிற வேகத்துக்கு ஏற்ப மென்பொருளையும் மாற்றித் தருவது, புதிய வசதிகளும் இதில் அடங்கும். மூன்றாவது, உதவி: சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்பதற்கு ஓர் ஆள். கணிப்பொறிப் பெட்டிக்கும் பிரிண்டருக்கும் செய்துகொள்கிற ஏ.எம்.சி. இவற்றினின்று முற்றும் வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கருதி, ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டு மற்றதை எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர்.

விலையைப் பார்ப்போம். டேலியை ஒரு கணிப்பொறியில் நிரந்தரமாக உபயோகிக்கும் உரிமம், அண்மைக் காலத்து விலைப்படி, வரி நீங்கலாக 22,500 ரூபாய். முதல் ஆண்டுச் சந்தா அதிலேயே சேர்ந்தது. பிறகு ஆண்டுக்கு 4,500 ரூபாய். கட்டாவிட்டாலும் மென்பொருள் நின்றுவிடுவதில்லை. இருக்கிற பதிப்போடு வேலை தொடர்ந்து நடக்கும், புதிய பதிப்பும் அதைச் சார்ந்த சேவைகளும்தான் கிட்டா. விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கேட்பது இந்த ஒரு நிறுவனத்தின் பிரத்தியேக வழக்கமும் அன்று. பெரும் நிறுவனங்களுக்கு மென்பொருள் விற்கும் ஆரக்கிளின் கணக்கு 22 சதவீதம். அதாவது ஐந்து ஆண்டுகள் பராமரிப்புக் கட்டணம் செலுத்துகிறவர், அந்த மென்பொருளை இன்னொரு முறை வாங்கியதற்குச் சமமான தொகையைக் கொடுத்துவிடுகிறார்.

தேயாத பொருள் பழசாவது எப்படி?

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த மெயர் லேமன் என்பவர், 1974-ஆம் ஆண்டில் மென்பொருளின் இயல்பைப் பற்றிச் சில விதிகளை வகுத்தார். உலக விவகாரங்களில் ஈடுபடும் மென்பொருள் இடைவிடாமல் மாற்றப்பட்டு வரவேண்டும், இல்லையேல் நாளடைவில் அதன் பிரயோஜனம் குறைந்துகொண்டே போகும் என்பது அவற்றுள் தலையாயது. படகு பழசாவதற்குக் காரணம் படகுக்குள்ளேயே இருக்கிறது. மரம் இற்றுப்போகிறது, ஆணி துருப்பிடிக்கிறது. மென்பொருளோ எழுதப்பட்ட அன்று இருந்தபடியே என்றும் இருக்கிறது. அது மிதக்கும் கடல்தான் மாறிவிடுகிறது.

இதற்கு நம் நாட்டில் எல்லோரும் அனுபவித்த உதாரணம் ஜி.எஸ்.டி. 2017-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி அந்த வரி அமலுக்கு வந்தபோது, அதுவரை விற்பனை வரிக் கணக்கைப் பிழையின்றிப் போட்டுவந்த மென்பொருள்கள், தம்மிடம் யாதொரு குற்றமும் இல்லாமலே ஒரே இரவில் உதவாக்கரைகளாயின. கடல் அதோடு அடங்கவும் இல்லை. மின்னணு விலைப்பட்டியல் முறை 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் வியாபாரம் செய்கிறவர்களுக்கு வந்து, படிப்படியாகக் கீழிறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி ரூபாய் வியாபாரிகளையும் எட்டியது. 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகள் உபயோகிக்கும் கணக்கு மென்பொருள், எந்தப் பதிவு எப்போது திருத்தப்பட்டது என்ற தடயத்தை அழியாமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி வரி விகிதங்களே மாறின.

சட்டம் மட்டுமல்ல, எழுத்தும் மாறியது. கல்யாணப் பத்திரிகையும் நோட்டீசும் அடித்துத் தரும் டி.டி.பி. கடைகளில் ஒரு காலத்தில் பேஜ்மேக்கர் மென்பொருளும் பாமினி போன்ற எழுத்துருக்களும் அரசோச்சின. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001-இல் வெளிவந்தது; காகிதத்தில் அச்சடிக்கும் வரையில் அது இன்றைக்கும் தன் வேலையைக் குறைவறச் செய்யும். ஆனால் 2010 ஜூன் மாதத்தில் தமிழக அரசு யூனிகோடு என்னும் எழுத்துக் குறியீட்டு முறையை ஏற்றுக்கொண்டது. இணையமும் கைப்பேசியும் அந்த முறையையே பேசின. பழைய எழுத்துருவில் அடித்த தமிழ், வேறொரு கணிப்பொறிக்கோ கைப்பேசிக்கோ போனவுடன் ரோமன் எழுத்துக்களும் குறிகளும் கலந்த குழப்பமாகக் காட்சியளித்தது. கடைக்காரரின் மென்பொருள் கெடவில்லை. அது பேசிய பாஷையை அறிந்தவர்கள்தாம் குறைந்துபோனார்கள்.

கடலோடிகளுக்கு மிக நெருங்கிய உதாரணம் ஜி.பி.எஸ். கருவி. இந்தியாவும் இலங்கையும் 1974-இல் வகுத்த கடல் எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை. படகில் உள்ள கருவியின் எண்களில்தான் தெரிகிறது. அந்தக் கருவிக்குள்ளும் ஒரு மென்பொருள் உண்டு. செயற்கைக்கோள்கள் 1980 ஜனவரி 6-ஆம் தேதி முதலாக வாரங்களை எண்ணி அனுப்புகின்றன. எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் சிறிதாகையால் 1,024 வாரங்கள், அதாவது பத்தொன்பதரை ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆனதும், எண்ணிக்கை மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கிறது. 1999 ஆகஸ்டில் ஒரு முறையும், 2019 ஏப்ரல் 6-ஆம் தேதி மறு முறையும் இவ்வாறு நேர்ந்தது. முன்கூட்டியே திருத்தம் பெற்ற கருவிகள் இதைச் சட்டை செய்யவில்லை; பெறாத பழைய கருவிகளில் சில, ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பின்னோக்கிய தேதியைக் காட்டின. நியூயார்க் நகராட்சியின் கம்பியில்லாத் தொடர்பு வலையே இதனால் சில நாட்கள் ஸ்தம்பித்தது. அடுத்த முறை 2038 நவம்பரில் வரும்.

கதவைத் திறந்து வைத்திருப்பவர்கள்

இணையத்தோடு இணைந்திருக்கும் கணிப்பொறிக்கு மற்றோர் ஆபத்தும் உண்டு, அது திருட்டு. 2017 மே 12-ஆம் தேதி 'வான்னாக்ரை' என்னும் நாசநிரல் உலகெங்கும் பரவி, கணிப்பொறிகளில் இருந்தவற்றையெல்லாம் பூட்டி வைத்துக்கொண்டு பணயத் தொகை கேட்டது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் ஆயிரக்கணக்கான சிகிச்சைகள் தள்ளிவைக்கப்பட்டன. நம் நாட்டில் ஆந்திரக் காவல் துறையின் கணிப்பொறிகளில் ஒரு பகுதியும் சிக்கியது. இதில் கவனிக்கத்தக்க விஷயம் ஒன்று உண்டு. அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. பிரிட்டனில் அகப்பட்ட கணிப்பொறிகளில் மிகப் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கொண்டவை. அவற்றுக்குத் திருத்தம் இலவசமாகவே கிடைத்தது. அதை எடுத்துப் போடுவதற்குத்தான் ஆளில்லை. பணம் கட்டுவது வேறு, பராமரிப்பது வேறு என்பதை இதைவிடத் தெளிவாக விளக்கும் சம்பவம் இல்லை.

விண்டோஸ் 10-க்கான இலவசத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக நின்றுவிட்டன. தனி உபயோகத்துக்கு ஓராண்டு நீட்டிப்பு 30 டாலருக்கும், சில நிபந்தனைகளின்பேரில் இலவசமாகவும் கிடைத்தது. நிறுவனங்களுக்கோ முதல் ஆண்டுக்குக் கணிப்பொறி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்தடுத்த ஆண்டுகளில் இரட்டிப்பு. பழைய கணிப்பொறிகள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்றுக்கொள்வதில்லை. இத்தகைய சந்தர்ப்பத்தில் லினக்ஸ் போன்ற இலவச மென்பொருளை நாடுவது நல்ல யுக்தியே; தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2007 வாக்கிலேயே அந்தப் பாதையில் நடக்கத் தொடங்கியது. ஆனால் உரிமத்துக்கு விலையில்லை என்பதால் பராமரிப்புக்கும் வேலையில்லை என்று நினைத்துவிடலாகாது. சந்தாவாகக் கொடாத காசைத் தெரிந்த ஆளின் உழைப்புக்குக் கொடுக்க நேரும்.

விற்பவர் சொல்வதெல்லாம் வேதமா?

இவ்வளவும் சொன்னதால், நீட்டுகிற சீட்டிலெல்லாம் கையொப்பமிட வேண்டும் என்று அர்த்தமில்லை. ஆண்டுதோறும் தவறாமல் வரும் வருமானத்தின் ருசி விற்பவர்களுக்கும் தெரியும். 2008-இல் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. மென்பொருள் நிறுவனம் தன் பராமரிப்புக் கட்டணத்தை 17 சதவீதத்திலிருந்து 22 சதவீதத்துக்கு உயர்த்த முற்பட்டபோது, வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: அதிகமாகக் கேட்கும் ஐந்து சதவீதத்துக்கு அதிகமாக என்ன தருகிறீர்கள்? எதிர்ப்புக்குப் பணிந்து 2010-இல் குறைந்த கட்டணத் திட்டத்தை அந்நிறுவனம் மீண்டும் கொண்டுவந்தது. வாங்குகிறவர்கள் ஒன்றுகூடிக் கேட்டால் விலை இறங்கும் என்பது ஏலக் கடையில் மட்டும் செல்லும் நியாயமன்று.

புதியதெல்லாம் நலமென்றும் சொல்வதற்கில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி, கணிப்பொறிகளைக் காப்பதற்கென்றே ஏற்பட்ட கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான புதுப்பிப்பு ஒன்று, ஏறக்குறைய 85 லட்சம் கணிப்பொறிகளை முடக்கிப் போட்டது. இந்திய விமான நிலையங்களில் விமானம் ஏறுவதற்கான அனுமதிச் சீட்டுகளைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். ஆகவே ஓட்டையை அடைக்கும் திருத்தங்களைச் சுணக்கமின்றியும், புது வசதிகள் கொண்ட பெரிய பதிப்புகளைச் சில வாரங்கள் பொறுத்து, கணக்குகளைத் தனியே நகலெடுத்து வைத்துக்கொண்ட பிறகும் ஏற்பதே சாமானியருக்கு உகந்த ஜாக்கிரதை.

கடைக்காரரின் கணக்கு

இனி, போனைக் காதில் வைத்தபடி யோசித்துக்கொண்டிருக்கும் நம் கமிஷன் கடைக்காரரிடம் திரும்புவோம். அவர் விற்பது பச்சை மீனும் நண்டும், இவற்றுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. வரியில்லாத சரக்கு மட்டுமே விற்பவருக்குப் பொதுவாக அந்த வரிக்கான பதிவும் தேவைப்படுவதில்லை. எனவே வரிச் சட்டம் எத்தனை முறை மாறினாலும் அவருடைய கணக்கில் ஓர் இலக்கம் மாறாது. இதைவிட வேடிக்கை, 4,500 ரூபாய்ச் சந்தாவின் மேல் 18 சதவீத வரியாக விழும் 810 ரூபாயைப் பதிவு பெற்ற வியாபாரி திரும்பக் கழித்துக்கொள்ளலாம். இவர் கழிக்க முடியாது. முழுதாக 5,310 ரூபாய் கையை விட்டுப் போகும். சர்வீஸ் இளைஞரின் உதவியை அடிக்கடி நாடாதவராக இருந்தால், இந்த ஆண்டு சந்தாவை நிறுத்திவிட்டு, அதில் ஒரு பகுதியைச் செலவிட்டு வெளி ஹார்டுடிஸ்க் ஒன்று வாங்கி, வாரந்தோறும் கணக்கை நகலெடுத்து வீட்டில் வைப்பது அவருக்கு அதிகப் பிரயோஜனம் தரும்.

அதே ஊரில் நண்டின் சதையைப் பக்குவம் செய்து, பொதிந்து, பெயர்ச்சீட்டு ஒட்டி வெளியே அனுப்பும் ஒருவர் இருந்தால், அவர் கதை வேறு. அவர் சரக்குக்கு வரி உண்டு. விலைப்பட்டியலில் ஒரு தவறு நேர்ந்தால் அபராதமும், திரும்பி வரவேண்டிய வரி நின்றுபோவதும் உண்டு. மாதத்துக்கு 375 ரூபாய் வீதம் அவர் கட்டும் சந்தா, ஒரு நாள் தாமதத்தின் நஷ்டத்துக்கு முன் ஒரு பொருட்டே அன்று.

ஆகையால் ரெனியூவலுக்கு அழைப்பு வரும்போது கேட்க வேண்டியவை நான்கு. சென்ற ஆண்டு கொடுத்த பணத்துக்கு நான் உபயோகித்தது என்ன? என் வேலையைத் தொடும் சட்டமோ சாதனமோ இந்த ஆண்டு மாறுகிறதா? என் கணிப்பொறி இணையத்தோடு சேர்ந்ததா, தனித்து நிற்பதா? இப்போது விட்டுவிட்டுப் பிறகு சேர்ந்தால் விடுபட்ட காலத்துக்கும் கட்ட வேண்டுமா? கடைசிக் கேள்விக்கான பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த நிபந்தனை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். இலவசமாக வரும் பொருளுக்கும் இக்கேள்விகள் பொருந்தும். 2024 ஆகஸ்ட் 30-ஆம் தேதி தொடங்கிய 364 கோடி ரூபாய்த் திட்டத்தின் கீழ், ஒரு லட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு மத்திய அரசு வழங்கும் டிரான்ஸ்பாண்டர் என்னும் தகவல் தொடர்புக் கருவிக்குள்ளும் ஒரு மென்பொருள்தான் இருக்கிறது. அதைத் திருத்தித் தரும் பொறுப்பு யாருடையது, எத்தனை ஆண்டுக்கு என்பதைக் கருவியைப் பொருத்துகிற அன்றே கேட்டுக்கொள்வது படகுக்காரரின் உரிமை.

கரையேற்றிய படகுகள் எல்லாவற்றுக்கும் படகுத் தச்சரான ஓடாவி ஒரே மராமத்தைச் சொல்வதில்லை. பலகை பலகையாகத் தட்டிப் பார்த்து, இது தாங்கும், இதை மாற்ற வேண்டும் என்று பிரித்த பிறகே கூலி பேசுகிறார். நம் கமிஷன் கடைக்காரரும் போனில், "இந்த வருஷம் வேண்டாம் தம்பி, பாக்கெட் போட ஆரம்பிச்சா நானே கூப்பிடுறேன்" என்று சொல்லிவிட்டு, ஏலத்துக்குத் திரும்பலாம்.