ரசீதில் உள்ள தொகையை எழுதியது யார்?

நம் வீடுகளில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். சாதிச் சான்றிதழ், குடும்ப அட்டை, பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல், பட்டா இருந்தால் பட்டா. அவற்றோடு ஆண்டு வாரியாக அடுக்கிக் கட்டிய வீட்டுவரி ரசீதுகள். பட்டா இல்லாத குடும்பத்துக்கு இந்த வீடு நம்முடையது என்று காட்ட அந்த ரசீதை விட்டால் வேறு காகிதம் இல்லை. அதனால் ஊராட்சியில் கேட்ட தொகையைக் கேட்டபடி கட்டி, ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொள்கிறோம். அந்தத் தொகையை யார் எழுதினார், எந்தக் கணக்கில் எழுதினார் என்று நம்மில் பெரும்பாலோர் கேட்டதில்லை.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு நகரம் சாட்சியாக நிற்கிறது. மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட். ஒரு காலத்தில் உலகத்துக்கே கார் செய்து கொடுத்த ஊர். அங்கே வாழும் நான்கு பேரில் மூன்று பேருக்கு மேல் கறுப்பின மக்கள். 2011 முதல் 2015 வரையிலான ஐந்து ஆண்டுகளில், அந்த நகரத்தில் இருந்த சொத்துகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று வரி பாக்கிக்காகப் பறிமுதல் செய்யப்பட்டது. பறிமுதல் செய்தது வங்கி அல்ல, கந்துவட்டிக்காரர் அல்ல. அரசின் கருவூலம்.

கருவூலம் செய்யும் வேலை

அமெரிக்காவில் மாநிலத்துக்குக் கீழே 'கவுண்டி' என்றொரு பிரிவு உண்டு. நம் மாவட்டம் போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். டெட்ராய்ட் இருப்பது வெய்ன் கவுண்டியில். நம் ஊரில் மாவட்டக் கருவூலம் என்றால் சம்பளமும் ஓய்வூதியமும் பட்டுவாடா ஆகும் இடம் என்றே நமக்குத் தெரியும். அங்கே கருவூலத்தின் கை இன்னும் நீளம். அதன் தலைமை அலுவலரை மக்களே நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். பொதுப்பணத்தை வங்கியில் வைத்துக் காப்பதும், கணக்கு எழுதுவதும், கட்டாமல் நின்ற சொத்துவரியை வசூலிப்பதும் அவர் பொறுப்பு.

சொத்துவரியை முதலில் வசூலிப்பது மாநகராட்சி. மார்ச் 1-க்குள் கட்டாவிட்டால் பாக்கி கவுண்டி கருவூலத்துக்குப் போய்விடும். அன்றே 4 சதவீதம் நிர்வாகக் கட்டணம் ஏறும். மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி ஓடத் தொடங்கும். மறு ஆண்டும் கட்டாவிட்டால் அந்த வட்டி ஒன்றரை சதவீதமாகும். ஆண்டுக்கு 18 சதவீதம். மூன்றாம் ஆண்டில் நீதிமன்ற உத்தரவோடு வீடு கருவூலத்தின் பெயருக்கு மாறிவிடும். பிறகு ஏலம். செப்டம்பரில் நடக்கும் முதல் ஏலத்தில் பாக்கித் தொகைதான் தொடக்க விலை. அந்த ஆண்டுகளில், அதில் விலைபோகாத வீடு அடுத்த ஏலத்துக்கு வந்தபோது தொடக்க விலை 500 டாலராக இருந்தது. ஒரு குடும்பம் இருபது, முப்பது ஆண்டு குடியிருந்த வீடு ஒரு நல்ல கைப்பேசியின் விலைக்கு ஏலம் விடப்பட்டது.

வரி கட்டாதவர்மேல் நடவடிக்கை எடுப்பது சட்டம்தானே என்று தோன்றும். அந்த வரி சரியான வரிதானா என்று பார்த்தபோதுதான் உண்மை வெளிவந்தது.

பிழை இருந்த இடம்

மிச்சிகன் மாநிலத்தின் அரசியல் சட்டம் ஒரு வரம்பு வைத்திருக்கிறது. வரிக்காகப் போடும் மதிப்பு, சொத்தின் சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. 2008-ல் வீட்டுக் கடன் நெருக்கடி வந்தபோது டெட்ராய்ட்டில் வீட்டு விலைகள் சரிந்தன. விலை சரிந்தால் மதிப்பீடும் இறங்க வேண்டும். மாநகராட்சியின் மதிப்பீட்டு அலுவலகம் அதற்கேற்ப இறக்கவில்லை. விழுந்துபோன விலைக்கு எழுந்து நின்ற காலத்து வரியையே போட்டது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் இன்றைய விலை 20,000 டாலர் என்றால் வரி மதிப்பு 10,000-ஐத் தாண்டக் கூடாது. ஆயிரத்துக்கு 70 டாலர் வரி என்று வைத்தால் கட்ட வேண்டியது 700 டாலர். ஏட்டில் பழைய மதிப்பு 25,000 என்றே நின்றால் கேட்கப்படுவது 1,750 டாலர். வேலை போய்விட்ட ஒரு தொழிலாளியால் 700-ஐ எப்படியாவது புரட்டிவிட முடியும். 1,750-ஐ முடியாது. முதலாண்டு தவறினால் அதன்மேல் கட்டணம், அதன்மேல் வட்டி. மூன்றாம் ஆண்டு வீடு இல்லை.

பெர்னடெட் அட்டுவாஹேனே என்ற சட்டப் பேராசிரியர் இந்த ஏடுகளைத் தோண்டிப் பார்த்தார். 2009 முதல் 2015 வரை டெட்ராய்ட்டின் வீடுகளில் 55 முதல் 85 சதவீதம் வரை, ஆண்டுக்கு ஆண்டு, சட்ட வரம்பை மீறி மதிப்பிடப்பட்டிருந்ததை அவருடைய ஆய்வு காட்டியது. மிகக் குறைந்த விலையுள்ள வீடுகளில் நடந்த பறிமுதல்களில் நான்கில் ஒன்று இந்தச் சட்டவிரோத மதிப்பீட்டால் மட்டுமே நடந்தது என்றும் கணக்கிடப்பட்டது. 2010 முதல் 2016 வரை மாநகராட்சி கூடுதலாக விதித்த வரி குறைந்தது 60 கோடி டாலர் என்று 'டெட்ராய்ட் நியூஸ்' நாளிதழ் 2020-ல் எழுதியது. வீடு எவ்வளவு சிறியதோ, பிழை அவ்வளவு பெரியது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருவூலத்தின் கணக்கில் ஒரு காசு பிசகில்லை. வந்த தொகை, வட்டி, ரசீது எல்லாம் சரியாகவே எழுதப்பட்டன. பிழை அதற்கு முன்பே, மதிப்புப் போட்ட மேசையில் நடந்துவிட்டது. மதிப்புப் போட்டவர், நாங்கள் வீட்டைப் பிடுங்கவில்லை என்றார். வீட்டைப் பிடுங்கியவர், நாங்கள் மதிப்புப் போடவில்லை என்றார். இரண்டு மேசைக்கும் நடுவில் ஏழையின் வீடு போனது. வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் நடையாய் நடந்தவர்களுக்கு இது புதிய கதை அல்ல.

சுவர் அங்கும் உண்டு

இது ஏன் கறுப்பின மக்களின் வீடுகளில் நடந்தது? அதற்கு வேர் பழையது. 1930-களில் அமெரிக்க அரசு வீட்டுக் கடனுக்காக நகர வரைபடங்களைத் தயாரித்தபோது, கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு நிறம் பூசியது. சிவப்பு என்றால் கடன் கொடுக்க ஆபத்தான இடம். டெட்ராய்ட்டின் எட்டு மைல் சாலையை ஒட்டி 1941-ல் ஒரு சுவர் எழுப்பப்பட்டது. ஆறு அடி உயரம், அரை மைல் நீளம். வெள்ளையர் குடியிருப்புக்கு அரசின் கடன் உத்தரவாதம் கிடைக்க வேண்டும், அதற்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பின மக்கள் பிரித்துக் காட்டப்பட வேண்டும். அதற்காகவே அந்தச் சுவர். அது இன்றும் நிற்கிறது.

உத்தபுரத்தைப் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மதுரை மாவட்டத்தில் தலித் மக்களைப் பிரித்து நின்ற அந்தச் சுவரில் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. சுவரை இடித்துவிடலாம். சுவர் இருந்த காலத்தில் எழுதிய ஏடுகள் அலுவலகத்தில் அப்படியே இருக்கும். மதிப்புக் குறைந்த இடம், கடன் கிடைக்காத இடம், யாரும் வந்து அளக்காத இடம் என்று எழுதப்பட்டவை அவை. டெட்ராய்ட் தன் குடியிருப்புகள் அனைத்தையும் புதிதாக மதிப்பிட்டு முடித்தது 2017-ல். அதற்கு முன் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படி ஒரு மறுமதிப்பீடு நடக்கவே இல்லை.

சொல்லப்படாத சலுகை

இன்னொரு செய்தி இதைவிடக் கசப்பானது. வீடிழந்தவர்களில் பலர் அந்த வரியைக் கட்டவே வேண்டியதில்லை. வருமானம் மிகக் குறைந்தவர்கள் தங்கள் சொந்த வீட்டுக்குச் சொத்துவரி விலக்குப் பெறலாம் என்று மிச்சிகன் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அப்போது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது, கட்டுக்கட்டாகச் சான்றுகள் தர வேண்டியிருந்தது, கடந்த ஆண்டுகளுக்கு அது செல்லவில்லை. அப்படி ஒரு விலக்கு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. தகுதி இருந்தும் தகவல் இல்லாமல் வீடு போனது.

குடியிருப்போர் அமைப்புகள் வழக்குத் தொடர்ந்தன. 2018-ல் மாநகராட்சியோடு சமரசம் ஏற்பட்டது. விண்ணப்ப நடைமுறை எளிதாக்கப்பட்டது. விலக்குக்குத் தகுதி இருந்தும் வீட்டை இழக்கும் நிலையில் இருந்தவர்கள் 1,000 டாலர் கொடுத்து அதைத் திரும்பப் பெற வழி பிறந்தது. 2020-ல் வந்த ஒரு மாநிலச் சட்டம், விலக்குக்குத் தகுதியுள்ளவர்களின் பழைய பாக்கியில் வட்டியையும் அபராதத்தையும் நீக்கியது. இவை எதுவும் தானாக வரவில்லை. கேட்டார்கள், வந்தது.

மிச்சப் பணம் யாருக்கு?

ஏலத்தில் வீடு பாக்கியைவிடக் கூடுதல் விலைக்குப் போனால் மிச்சம் யாருக்குச் சேரும்? வீட்டுக்காரருக்கு என்றுதான் நாம் சொல்வோம். மிச்சிகனில் நீண்ட காலம் அப்படி இல்லை. டெட்ராய்ட்டுக்குப் பக்கத்திலுள்ள ஓக்லண்ட் கவுண்டியில் ஒருவர் 2011-ம் ஆண்டு வரியில் 8 டாலர் 41 சென்ட் குறைத்துக் கட்டிவிட்டார். வட்டியும் கட்டணமும் சேர்ந்து அது 285 டாலர் ஆனது. கருவூலம் அந்த வீட்டை 24,500 டாலருக்கு விற்று முழுப் பணத்தையும் வைத்துக்கொண்டது. அது தவறு என்று மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மின்னசோட்டா மாநிலத்தின் ஹென்னெபின் கவுண்டியில் ஒரு கறுப்பின மூதாட்டியின் வீட்டுக்கும் இதே கதி. வரி பாக்கி சுமார் 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்த்து 15,000. கவுண்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்றது. 25,000 டாலர் மிச்சத்தில் அவருக்கு ஒரு சென்ட் கூடத் தரவில்லை. அவர் விடவில்லை. வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனது. பாக்கிக்கு மேல் எடுத்துக்கொள்ள அரசுக்கு உரிமை இல்லை என்று 2023 மே 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அப்போது அந்த மூதாட்டிக்கு வயது 94.

பொதுப்பணம் என்ற சொல்லை நாம் இங்கேதான் நிறுத்தி யோசிக்க வேண்டும். அந்த வட்டியும் அபராதமும் மிச்சமும் கவுண்டியின் நிதிக்குப் போயின. ஒரு அலுவலர் தன் பையில் போட்டிருந்தால் அதை ஊழல் என்போம். ஏழையிடம் சட்டத்தை மீறி வாங்கி அரசின் கஜானாவில் போட்டால் வருவாய் என்கிறோம். வாங்கிய கைக்குப் பெயர் மாறுகிறதே தவிர, இழந்த வீடு ஒன்றுதான்.

அம்பேத்கர் படித்த பாடம்

வரிக்கணக்கு நமக்கு எதற்கு, அது படித்தவர்கள் பார்க்க வேண்டியது என்று நினைக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வோம். அண்ணல் அம்பேத்கர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனபோது எடுத்துக்கொண்ட முக்கியப் பாடம் பொருளியல். அவருடைய ஆசிரியர் எட்வின் செலிக்மன் வரிகளைப் பற்றிய ஆய்வில் பெயர் பெற்றவர். அமெரிக்காவின் சொத்துவரி முறையில் நியாயம் இல்லை என்று எழுதியவர். அவரிடம் படித்த அம்பேத்கர், பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதி எப்படி வளர்ந்தது என்பதை ஆய்வு செய்தார். 1925-ல் அது நூலாக வந்தபோது முன்னுரை எழுதியவர் செலிக்மன். கோயில் நுழைவுக்கும் குளத்துத் தண்ணீருக்கும் போராடிய அதே மனிதர், அரசு யாரிடம் வாங்குகிறது, யாருக்குச் செலவிடுகிறது என்பதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார். நாம் அந்தப் பக்கத்தை அதிகம் புரட்டவில்லை.

புரட்ட வேண்டிய நேரம் இது. நம் ஊராட்சியில் ஒவ்வொரு வீட்டுக்கும் என்ன வரி என்று எழுதிய பதிவேடு இருக்கிறது. ஓட்டு வீட்டுக்கு எவ்வளவு, மாடி வீட்டுக்கு எவ்வளவு, நம் தெருவுக்கும் ஊர்த் தெருவுக்கும் ஒரே கணக்குதானா என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். காட்ட மறுத்தால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், முப்பது நாளில் பதில். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் இல்லை.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கிராமசபை கூடுகிறது. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் நாம் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது தகரப் பெட்டியைத் திறந்து கடைசி மூன்று ஆண்டு ரசீதுகளை எடுத்துக்கொண்டு போவோம். படிக்கிற பிள்ளையையும் கூட்டிப் போவோம். வரவில் நம் தெருவின் வரி எவ்வளவு, செலவில் நம் தெருவுக்கு விளக்கும் தண்ணீரும் சாலையும் எவ்வளவு என்று அந்தப் பிள்ளை எழுந்து கேட்கட்டும். டெட்ராய்ட் மக்கள் அந்தக் கேள்வியைக் கேட்டது வீடு போன பிறகு. நாம் ரசீது கையில் இருக்கும்போதே கேட்போம்.