இரண்டு கே.பி.யில் ஒரு குடித்தனம்!

ஹாஸ்டல் மாடித் தொட்டி நிரம்பினா அலறணும். இதுதான் எங்க மினி புராஜெக்ட். ஆர்டுயினோ போர்டு, சென்சார், எல்.சி.டி., பஸ்ஸர். ரிவ்யூவில் பத்து நிமிஷம் சமர்த்தாக ஓடியது. பதினோராவது நிமிஷம் அப்படியே ஃப்ரீஸ்! "என்னப்பா, தொட்டிக்கு முன்னாடி உங்க போர்டு நிரம்பிடுச்சா?" என்றார் சார். கிண்டல்தான். ஆனா, அதுவே நிஜம்னு கண்டுபிடிக்க எங்களுக்கு ரெண்டு ராத்திரி ஆச்சு.

அந்த போர்டில் இருக்கும் ஏ.டி.மெகா 328 சிப்பின் ராம் வெறும் 2 கே.பி. (ஆமா பாஸ், கே.பி.தான்!) நாங்களோ செகண்டுக்கு செகண்ட் 'ஸ்ட்ரிங்' உருவாக்கி, ஒட்டி, அழிச்சு விளையாடியிருக்கோம். டவுன் பஸ்ஸை நினைச்சுக்குங்க. அங்கே ஒண்ணு, இங்கே ஒண்ணுன்னு பத்து சீட் காலி. ஆனா, சேர்ந்தாப்ல மூணு சீட் கேட்டா இருக்காது. மெமரியும் இப்படித்தான் துண்டு துண்டா சிதறும். ஸ்ட்ரிங்குக்கோ அடுத்தடுத்த இடம்தான் வேணும். லேப்டாப்னா டிஸ்க்கில் கொஞ்சம் கடன் வாங்கிச் சமாளிக்கும். இந்தக் குட்டிச் சிப்புக்குக் கடன் கொடுக்க ஆளே இல்லை.

சிரிக்காதீங்க, நாசாவே மாட்டியிருக்கு! 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட் ரோவர், 21-ம் தேதி திடீரென்று பேச்சை நிறுத்தியது. காரணம், ஃப்ளாஷ் மெமரியில் குவிந்த ஃபைல்கள். அவற்றின் பட்டியல் ராமில் இருக்க வேண்டும். அழித்த ஃபைலுக்கும் பட்டியலில் இடம் போயிருந்தது. பட்டியல் பெருத்து, ராமில் இடம் கேட்டு, கிடைக்காமல் ரீசெட். எழுந்ததும் முதல் வேலையாக அதே பட்டியல். மறுபடி ரீசெட்! ராத்திரி தூங்காமல் பேட்டரியையும் கரைத்தது. ஃப்ளாஷைத் தொடாமலே பூட் ஆகும்படி பூமியிலிருந்து கமாண்ட் அனுப்பி, குப்பையைக் கூட்டி, பிப்ரவரியில் ஃபார்மேட் செய்தார்கள். 90 செவ்வாய் நாளுக்கென்று போன வண்டி, 2010 மார்ச் வரை பேசியது.

கார் ஏர்பேக் மாதிரி சமாசாரத்தில் இன்னொரு சிக்கல். காலி இடம் தேட எவ்வளவு நேரமாகும்னு முன்கூட்டியே சொல்ல முடியாது. அங்கே மில்லி செகண்டுகூட உயிர் விஷயம். நாசாவின் ஜெட் புரபல்ஷன் லேபில் இருந்த ஜெரார்ட் ஹோல்ஸ்மன், 2006-ல் எழுதிய பத்து விதிகளில் மூணாவது இதுதான்... ஆரம்பத்தில் வாங்கியதோடு சரி, நடுவில் மெமரி கேட்கக் கூடாது.

நாங்களும் ஸ்ட்ரிங்கைத் தூக்கிப் போட்டோம். எல்.சி.டி.யில் ஒரு வரிக்கு 16 எழுத்து. முடிவைக் காட்ட ஒரு பூஜ்யம். ஆக, 17 பைட்டில் ஒரே ஒரு அரே. கடைசிவரை அதேதான். ராத்திரி முழுக்க ஓடவிட்டுப் படுத்தோம். விடியக்காலை நாலரைக்கு பஸ்ஸர் அலறியது. 'போச்சுடா'ன்னு பதறி ஓடிப் பார்த்தா, தொட்டி நிஜமாவே வழிஞ்சுட்டிருக்கு!