மருத்துவம் படிக்கும் பிள்ளைகளும் செயற்கை நுண்ணறிவும்

எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி, பிசியோதெரபி, லேப் டெக்னீசியன் என மருத்துவம் சார்ந்த படிப்பில் ஒரு பிள்ளையாவது இருக்கும் குடும்பங்கள் இன்று நம் சமுதாயத்தில் பல உள்ளன. அந்தப் பிள்ளைகளின் கைப்பேசியில் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற செயலிகளும் இருக்கின்றன. இரவெல்லாம் உட்கார்ந்து எழுத வேண்டிய அசைன்மென்ட் பத்து நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. "இது படிப்பா, காப்பியா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். இதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதைப் பொறுத்தே பதில் அமையும்.

இது எப்படி வேலை செய்கிறது?

சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. மூன்றே மாதத்திற்குள், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்று நிலைகளிலும் அது தேர்ச்சி மதிப்பெண்ணைத் தொட்டோ நெருங்கியோ விடுவதாக ஓர் ஆய்வு வெளிவந்தது. அதைப் படித்த பலரும் இதை ஒரு பெரிய டாக்டர் என்றே நினைத்துவிட்டார்கள்.

உண்மையில் இது கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு பழக்கப்பட்ட ஒரு கணினி நிரல். ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வருவது பொருத்தம் என்று கணித்து வாக்கியங்களை அமைக்கிறது. சரியான விடையையும் தவறான விடையையும் ஒரே நம்பிக்கையான தொனியில் சொல்லும். இப்போதைய செயலிகள் இணையத்தில் தேடியும் பதில் தருகின்றன. ஆனாலும் சரிபார்க்கும் பொறுப்பு நம்மைவிட்டுப் போகவில்லை.

எங்கே உதவுகிறது?

முதலில், மொழி. தமிழ்நாட்டில் 2020 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ் வழியில் படித்து வரும் பிள்ளைக்கு முதலாண்டில் உடலியலைவிடப் பெரிய தடை, பாடநூலின் ஆங்கிலம். ஒரு பத்தியை எளிய ஆங்கிலத்திலோ தமிழிலோ விளக்கச் சொல்லிப் புரிந்துகொண்டு, பிறகு மூல நூலுக்கே திரும்பினால் அது நல்ல பயன்பாடு. தனி டியூஷனுக்கு வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய துணை.

இரண்டாவது, பயிற்சி. செயலியை நோயாளியாகப் பேசச் சொல்லி, நோய் வரலாறு கேட்டுப் பழகலாம். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலும் மருத்துவ, செவிலியர் கல்வியில் இத்தகைய பயன்பாட்டைக் குறிப்பிடுகிறது. அதே வழிகாட்டுதல், இயந்திரத்தை அளவுக்கு மீறி நம்பும் போக்கைக் குறித்தும் எச்சரிக்கிறது.

மூன்றாவது, ஆசிரியர்களின் வேலைச்சுமை. வினாத்தாள் வரைவு, ஆய்வுக் கட்டுரையின் மொழித் திருத்தம், புள்ளியியல் கணக்கு ஆகியவற்றில் நேரம் மிச்சமாகும். அந்த நேரம் வார்டில் மாணவர்களோடு செலவானால் எல்லோருக்கும் லாபம்.

எங்கே கெடுக்கிறது?

மருத்துவக் கல்வியில் ஆய்வுக் கட்டுரைக்குத் தனி எடை உண்டு. மேற்படிப்பு மாணவர் ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டும். பேராசிரியரின் பதவி உயர்வுக்கும் கட்டுரைகள் தேவை. எண்ணிக்கையைக் கூட்ட இந்தச் செயலிகள் எளிதான வழியாகிவிட்டன.

விளைவு என்ன? சாட்ஜிபிடி எழுதிய மருத்துவக் கட்டுரைகளில் இருந்த 115 மேற்கோள் குறிப்புகளை 2023-இல் ஓர் ஆய்வுக் குழு சரிபார்த்தது. 47 சதவீதம் முழுக்கக் கற்பனை. 46 சதவீதம் உண்மையான கட்டுரைகள்தான், ஆனால் விவரங்கள் தவறு. எல்லாம் சரியாக இருந்தவை வெறும் 7 சதவீதம். புதிய செயலிகள் மேம்பட்டிருக்கலாம். பழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. 2024-இல் கதிரியக்கத் துறை இதழ் ஒன்றில், நான்கு மாதக் குழந்தையின் சிகிச்சை பற்றிய கட்டுரையின் நடுவே, தான் ஒரு ஏஐ என்பதால் நோயாளியின் விவரம் தன்னிடம் இல்லை என்று இயந்திரம் மன்னிப்புக் கேட்கும் வரிகள் அப்படியே அச்சாகியிருந்தன. எழுதியவர்களும் திருத்தியவர்களும் படிக்காமலே கடந்துவிட்டார்கள். கட்டுரை பின்னர் நீக்கப்பட்டது.

அதனால்தான் மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு 2023-இல் விதி வகுத்தது. செயற்கை நுண்ணறிவைக் கட்டுரையாசிரியராகக் குறிப்பிடக் கூடாது. பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிழைக்குப் பொறுப்பு மனிதருக்கே.

இன்னொரு கவலை, கைத்திறன் மங்குவது. போலந்தில் நான்கு மையங்களில் பெருங்குடல் உள்நோக்கிப் பரிசோதனை செய்யும் மருத்துவர்களை ஆராய்ந்து 2025-இல் ஒரு கட்டுரை வெளியானது. இயந்திர உதவி வருவதற்கு முன், புற்றுநோயாக மாறக்கூடிய கட்டிகளை 28.4 சதவீத நோயாளிகளிடம் கண்டுபிடித்தார்கள். உதவிக்குப் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் இது 22.4 சதவீதமாகக் குறைந்தது. ஒரே ஆய்வை வைத்து முடிவு கட்ட முடியாது. ஆனால் இவர்கள் அனுபவசாலிகள். கற்ற திறனே மங்கக்கூடும் என்றால், மாணவப் பருவத்திலேயே இயந்திரத்தை நம்புகிறவருக்குத் திறன் முதலில் வந்து சேருமா?

கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பலாமா?

சில ஆசிரியர்கள் மென்பொருள் சொன்னதை வைத்தே மாணவரைக் குற்றவாளியாக்குகிறார்கள். இதில் அநீதிக்கு இடமுண்டு. 2023-இல் ஏழு மென்பொருள்களைச் சோதித்தபோது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாமே எழுதிய 91 கட்டுரைகளில் சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியவை என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் எழுதுவதே அங்கே குற்றமாகிவிட்டது. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமும் தன்னுடைய கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று அதே ஆண்டு திரும்பப் பெற்றது. மாணவரை நேரில் உட்காரவைத்து நான்கு கேள்வி கேட்டால் உண்மை தெரிந்துவிடும்.

மாணவர்கள் கவனத்திற்கு

1. முதலில் நீங்களே எழுதுங்கள். பிறகு திருத்தச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

2. மருந்தின் அளவு, மருந்துகளின் ஒவ்வாமை, பரிசோதனையின் இயல்பு அளவு ஆகியவற்றைப் பாடநூலிலோ கல்லூரி அங்கீகரித்த கையேட்டிலோ சரிபாருங்கள்.

3. திறந்து படிக்காத எந்தக் கட்டுரையையும் மேற்கோள் காட்டாதீர்கள்.

4. நோயாளியின் பெயர், படம், கேஸ் ஷீட், ஸ்கேன் எதையும் பொதுச் செயலிகளில் ஏற்றாதீர்கள். அவை உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

5. கல்லூரியின் விதியை முன்கூட்டியே கேட்டறியுங்கள். பயன்படுத்தியதை மறைக்காதீர்கள்.

பெற்றோர் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை, "இந்த வாரம் படித்ததை எனக்குப் புரியும்படி சொல்லும்மா" என்று கேளுங்கள். உங்களுக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. தாளைப் பார்க்காமல், சொந்தச் சொற்களில் சொல்ல முடிந்தால் பிள்ளை படித்திருக்கிறது என்று பொருள்.

நள்ளிரவில் மூச்சுத் திணறலோடு வரும் முதியவரின் பக்கத்தில் நிற்கும் செவிலியருக்குக் கைப்பேசியை எடுத்துக் கேட்க நேரம் இருக்காது. அந்த நேரத்தில் எது நினைவில் இருக்கிறதோ, கை எதற்குப் பழகியிருக்கிறதோ அதுதான் அவர் பெற்ற கல்வி. எத்தனை அசைன்மென்ட், எத்தனை கட்டுரை என்ற கணக்கு அதற்குப் பிறகுதான்.