பூவுக்குப் பக்கத்தில் எந்தப் பூ?

ஆரஞ்சு நிறச் செண்டுமல்லி ஒன்றை வெள்ளைத் தாளின்மேல் வையுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும். கண்ணை அசைக்காமல் அரை நிமிடம் அதையே உற்றுப் பாருங்கள். பிறகு பூவைச் சட்டென்று எடுத்துவிட்டு, தாளின் அதே இடத்தைப் பாருங்கள். இளநீலத்தில் ஒரு பூ தெரியும்! தாளில் யாரும் நீலம் பூசவில்லை. எல்லாம் உங்கள் கண் செய்த வேலை.

நம் விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஆரஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தால், சிவப்புப் பக்க ஒளியை அறியும் வகை களைத்துப்போகிறது. பச்சையை அறியும் வகையும் கொஞ்சம் களைக்கிறது. நீலத்தை அறியும் வகைக்கு மட்டும் ஓய்வு. வெள்ளைத் தாளிலிருந்து எல்லா நிற ஒளியும் வரும்போது, ஓய்ந்திருந்த வகை முந்திக்கொள்கிறது. அதனால்தான் நீலம்.

இதைத் தோட்டத்தில் பயன்படுத்தலாமே! செண்டுமல்லிப் பாத்திக்குப் பின்னால், வேலியில் நீலச் சங்குப்பூவைப் படரவிடுங்கள். ஆரஞ்சைப் பார்த்த கண்ணுக்கு நீலம் கூடுதல் நீலமாகத் தெரியும். நீலத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஆரஞ்சு பளீரென்று அடிக்கும்.

இங்கிலாந்தின் கெர்ட்ரூட் ஜீக்கில் (1843–1932) இதில் கெட்டிக்காரர். ஓவியம் படித்தவர். கிட்டப்பார்வை கடுமையானதால் நுணுக்கமான கைவேலைகளைக் குறைத்துக்கொண்டு தோட்டக்கலைக்கு வந்தார். தோட்ட நிறங்களைப் பற்றி 1908இல் அவர் எழுதிய புத்தகத்தில் ஒரு யோசனை இருக்கிறது: முதலில் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கண் நிறையப் பாருங்கள், பிறகு சாம்பல் இலைகளும் ஊதாப் பூக்களும் உள்ள தோட்டத்துக்குள் நுழையுங்கள். மங்கலான நிறங்கள்கூட அப்போது ஜொலிக்குமாம். நடக்கும் பாதையையே அவர் சோதனைக்கூடமாக்கிவிட்டார்!

அவருக்கு முன்பே பிரான்சில் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் இதைத் துப்பறிந்திருந்தார். திரைச்சீலை நெய்யும் ஆலை ஒன்றில் சாயப் பிரிவு அவர் பொறுப்பு. கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை வெளுக்க வைத்தன. 1839இல் வந்த அவருடைய புத்தகத்தில் பூச்செடிகளை எப்படி ஜோடி சேர்ப்பது என்பதும் உண்டு.

பூவே இல்லாவிட்டால்? இலை இருக்கிறதே! வெற்றிலையையும் கற்பூரவல்லியையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டும் பச்சைதான். வெற்றிலையின் மேற்புறம் வழுவழுப்பானது; விழும் ஒளியைப் பெரும்பாலும் ஒரே பக்கமாகத் திருப்புவதால் பளபளக்கிறது. கற்பூரவல்லி இலையைத் தடவினால் பட்டுப்போல இருக்கும். நுண்ணிய ரோமங்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் அதன் பச்சை சற்று வெளிறித் தெரியும். எனக்கென்னவோ பூ ஜோடிகளைவிட இந்த இலை ஜோடிதான் பிடிக்கும். பூ வாடினாலும் இது ஆண்டு முழுக்க இருக்கும்.

ஆனால், இரண்டையும் ஒரே தொட்டியில் நட்டுவிடாதீர்கள். வெற்றிலைக்கு நிழலும் எப்போதும் ஈரமும் வேண்டும். கற்பூரவல்லிக்குத் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். தனித்தனித் தொட்டியில் வைத்து, தொட்டிகளை ஒட்டி நிறுத்துங்கள். தண்ணீர் ஊற்றும்போது மட்டும் எது யாருக்கு என்று கவனித்தால் போதும்.