வெள்ளி இடைநகர்வு: ஒரு கறுப்புப் பொட்டும் விண்வெளித் தேடலும்

வெள்ளிக் கோள் நமக்கும் சூரியனுக்கும் நடுவே நேராக வந்து, சூரிய வட்டத்தின் மேல் கறுப்புப் பொட்டாக ஊர்ந்து போவதைத்தான் வெள்ளியின் இடைநகர்வு என்கிறோம். கிரகணத்துக்கு இனமான நிகழ்வுதான். சந்திரன் கிட்ட இருப்பதால் சூரியனை மூடிவிடுகிறது. வெள்ளி தூர இருப்பதால், சூரிய விட்டத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள புள்ளியாகவே தெரியும்.

ஏறத்தாழ 584 நாட்களுக்கு ஒரு முறை வெள்ளி நம்மைத் தாண்டிப் போகிறது. ஆனால் அதன் பாதை பூமியின் பாதைக்கு 3.4 பாகை சரிந்திருப்பதால் பெரும்பாலும் சூரியனுக்கு மேலாகவோ கீழாகவோ நழுவிவிடும். நேராக அமைவது எட்டு வருட இடைவெளியில் இரண்டு தடவை. பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக ஒன்றுமில்லை. நம் காலத்துச் சோடி 2004 ஜூன் 8, 2012 ஜூன் 6. அடுத்தது 2117 டிசம்பரில். இதை வாசிப்பவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கூட அது கிடைக்குமோ தெரியாது.

இப்னு சீனாவின் பெயர் இந்த இடத்தில் வரவேண்டும். சூரிய முகத்தில் வெள்ளியை ஒரு பொட்டாகக் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார். 1032 மே மாதத்தில் ஓர் இடைநகர்வு நிகழ்ந்ததும் உண்மை. அவர் கண்டது அதைத்தானா, வெறும் சூரியப் புள்ளியையா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். நம்முடைய மேடைகளில் “முதலில் கண்டது நம்மவர்தான்” என்று சொல்லிக் கைதட்டு வாங்கிவிட்டு இறங்கிவிடுவார்கள். எனக்கு அதைவிட, அவர் எதற்காக அந்தப் பொட்டைப் பற்றி எழுதினார் என்பதே முக்கியம். வெள்ளி சூரியனுக்கு இந்தப் பக்கம் இருக்கிறதா, அந்தப் பக்கமா என்பது தொலமியின் காலத்திலிருந்து தீராத கேள்வி. ஒரு தடவையாவது இந்தப் பக்கம் வருகிறது என்பதற்கு அந்தப் பொட்டைச் சாட்சியாக வைத்தார்.

பொட்டைக் கொண்டு தூரத்தையே அளக்கலாம் என்ற யோசனை பிறகு வந்தது. கெப்ளரின் விதிகளால் கோள்களுக்கிடையிலான விகிதங்கள் தெரிந்திருந்தன. மைல் கணக்கில் எவ்வளவு என்று யாருக்கும் திடமாகத் தெரியாது. அளவுத்திட்டம் போடாத வரைபடம் மாதிரி. அதில் ஒரு தூரம் பிடிபட்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும். கையை நீட்டிப் பெருவிரலை ஒரு கண்ணாலும் பிறகு மற்றக் கண்ணாலும் பாருங்கள், விரல் இடம் மாறித் தெரியும். பூமியின் வடக்கிலும் தெற்கிலும் இரண்டு பேர் நின்று பார்த்தால் வெள்ளியும் சூரியன் மேல் சற்று வேறு வேறு கோட்டில் நகரும். கடக்கும் நேரமும் வேறுபடும். அந்த வேறுபாட்டிலிருந்து சூரியனின் தூரத்தைக் கணக்கிடலாம்.

இதை 1716 இல் விரிவாக எழுதிவைத்தவர் எட்மண்ட் ஹலி. அடுத்த இடைநகர்வு 1761 இல். தான் அதுவரை இருக்கப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும். 1742 இல் காலமானார். கெப்ளரும் அப்படித்தான்: 1631 இல் வரும் என்று கணித்துச் சொல்லிவிட்டு 1630 இல் போய்விட்டார்.

ஹலியின் சொல்லைக் கேட்டுப் புறப்பட்டவர்களில் பிரெஞ்சுக்காரரான லெ ஜொந்தீய் பாண்டிச்சேரியைக் குறிவைத்து 1760 இல் கப்பலேறினார். அவர் இந்தியக் கரையை நெருங்குமுன் பாண்டிச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்துவிட்டது. கப்பல் திரும்பியது. 1761 ஜூன் 6 அன்று நடுக்கடலில், ஆடுகிற தளத்தில் நின்று இடைநகர்வைப் பார்த்தார். பார்த்தாரே தவிர அளக்க வழியில்லை. எட்டு வருடத்தில் இன்னொன்று வருமே என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். மணிலா வரை போய் வந்து, 1768 இல் பாண்டிச்சேரியில் இறங்கி அவதான நிலையமும் அமைத்தார். 1769 ஜூனில் அந்த விடியலில் மேகம் மூடியது. இடைநகர்வு முடிந்த பிறகு வானம் வெளுத்தது. மணிலாவிலோ அன்று நல்ல வானம்! பிறை பார்க்கக் கடற்கரைக்குப் போய், மேகத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அந்த மனிதரின் மனம் விளங்கும். 1771 இல் ஊர் திரும்பினால், மௌத்தாகிவிட்டார் என்று முடிவு கட்டி உறவினர் சொத்துக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

அவருடைய பயணம் வீண் என்று நான் நினைக்கவில்லை. பாண்டிச்சேரியில் தமிழ்க் கணிதரிடம் அவர் கிரகணக் கணக்கு கற்றார். சோகிகளை வைத்து, மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டு அவர்கள் கணித்தார்கள். 1765 ஓகஸ்ட் சந்திர கிரகணம் நீடித்த நேரத்தை அந்த முறையில் கணித்தபோது பிழை ஒரு நிமிடத்துக்குள் இருந்தது. அன்றைய சிறந்த ஐரோப்பிய அட்டவணையின் பிழை அதைவிடக் கூட. இதை எழுதிவைத்துவிட்டுப் போனதும் அவர்தான்.

மற்ற இடங்களில் அளந்தவர்களின் எண்களைச் சேர்த்து 1771 இல் ஒக்ஸ்பர்டின் தோமஸ் ஹோர்ன்ஸ்பி சூரியனின் தூரத்தைக் கணித்தார். இன்றைய கணக்கான ஏறத்தாழ 15 கோடி கிலோமீற்றருக்கு நூற்றுக்கு ஒரு பங்கு வித்தியாசத்துக்குள் அது இருந்தது.

2012 இல் இலங்கைக்குச் சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன் மேல் இருந்தது. கிழக்குக் கரையில் இருப்பதன் வாய்ப்பு அது. சுபஹ் தொழுதுவிட்டு நாங்கள் சிலர் பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போனோம். கையில் 14 ஆம் இலக்க வெல்டிங் கண்ணாடி. (அதற்குக் குறைந்த இலக்கம் கண்ணுக்குப் போதாது, எக்ஸ்ரே படத் துண்டு வேண்டவே வேண்டாம்.) ஒரு பொடியன் பார்த்துவிட்டு, “இதுக்குத்தானா சேர் வெள்ளாப்பில எழுப்பிக் கூட்டி வந்தீங்க?” என்றான். பக்கத்தில் வலை உதறிக்கொண்டிருந்த வயதானவரும் வாங்கிப் பார்த்தார். “விடியக் காலம நாம பாக்குற அந்த வெள்ளிதானா இது? அது பளபளண்டு இருக்குமே, இது கறுப்பா இருக்கே” என்றார். அது கேள்வி. வெளிச்சம் அதனுடையதல்ல, சூரியன் பட்டுத் தெறிப்பது. இப்போது நாம் பார்ப்பது அதன் இரவுப் பக்கத்தை என்றேன். காலை பத்தே காலுக்குப் பிறகு பொட்டு ஓரத்தைத் தொட்டு மறைந்தது.

அந்தக் காலையில் சூரிய ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கண்ணால் உணர முடியாது, கருவி உணரும். இன்று விண்வெளித் தேடலின் பெரும்பகுதி இந்தச் சின்னக் குறைவில்தான் நிற்கிறது. நாசா 2009 இல் ஏவிய கெப்ளர் தொலைநோக்கி ஒரே திசையில் சுமார் ஒன்றரை இலட்சம் நட்சத்திரங்களை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தது. நட்சத்திரத்தின் ஒளி ஒழுங்கான இடைவெளியில் மங்கினால் அங்கே ஒரு கோள் கடக்கிறது. பூமியளவு கோள் சூரியனளவு நட்சத்திரத்தைக் கடந்தால் மங்குவது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படிப் பார்த்தே 2,600 க்கு மேற்பட்ட கோள்களை அது கண்டது.

1761 இல் ரஷ்யரான லொமொனோசொவ் வெள்ளியின் விளிம்பில் மெல்லிய ஒளி கண்டு, அங்கே காற்று மண்டலம் உண்டென்றார். 2021 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி செய்வதும் அந்த வேலைதான். கடக்கும் கோளின் காற்றினூடாக வடிந்து வரும் நட்சத்திர ஒளியைப் பிரித்துப் பார்க்கிறது. 2022 இல் ஏறக்குறைய 700 ஒளியாண்டு தூரத்துக் கோளொன்றின் காற்றில் காபனீரொட்சைட்டைக் கண்டது. மனிதன் செவ்வாயில் குடியேறப் போகிறான் என்ற ஆரவாரத்தை விட எனக்கு இது பெரிதாகப் படுகிறது. உயிருக்கான தடயம் எங்காவது கிடைப்பதென்றால் இந்த வழியில்தான் முதலில் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

செவ்வாயை நான் தள்ளிவிடவில்லை. அமீரகத்தின் அல் அமல் விண்கலம் 2021 பெப்ரவரி முதல் அதைச் சுற்றுகிறது. அங்கே நின்று பார்த்தால் பூமியே சூரியன் மேல் பொட்டாகக் கடக்கும், பக்கத்தில் சந்திரன் இன்னொரு சிறு பொட்டாக. 1984 மே 11 இல் அப்படி நடந்தது. பார்க்க அங்கே யாருமில்லை. கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் அந்த நாளை முன்கூட்டியே எடுத்து, செவ்வாயில் தனித்துவிடப்பட்ட ஒருவர் அதைப் பார்ப்பதாக 1971 இல் வெளியான ஒரு சிறுகதையில் எழுதினார். அடுத்தது 2084 நவம்பர் 10. இன்று பாலர் பாடசாலைக்குப் போகும் பிள்ளை அப்போது முதுமையில் இருக்கும். செவ்வாயில் யாராவது நின்று அதைப் பார்ப்பார்களா என்பதை அந்தப் பிள்ளையின் தலைமுறைதான் முடிவு செய்யும்.

நமக்குக் கிட்டியது 2032 நவம்பர் 13, சனிக்கிழமை. அன்று புதன் சூரியனைக் கடக்கும். இலங்கையில் நண்பகல் 12.10 அளவில் தொடங்கி மாலை 4.35 தாண்டி முடியும்: லுஹர் பாங்குக்குப் பின் தொடங்கி அஸர் கடந்து. புதன் சூரிய விட்டத்தில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு என்பதால் வெல்டிங் கண்ணாடி மட்டும் போதாது. தொலைநோக்கியால் சூரியனின் விம்பத்தை வெள்ளைக் கடதாசியில் விழுத்திப் பார்க்க வேண்டும். குழாயினூடாக யாரும் நேரே கண் வைக்கக் கூடாது. நான் படிப்பித்த ஒரு பாடசாலையில் நல்ல தொலைநோக்கி ஒன்று பெட்டியோடு அலுமாரியில் இருந்தது. திறப்பு யாரிடம் என்று கேட்கவே இரண்டு தவணை போயிற்று. உங்கள் பாடசாலையிலும் ஒன்று இருக்கலாம். நவம்பர் நமக்கு மழைக்காலம். அதனால் ஒரே ஊரில் எல்லோரும் கூடாமல், மலைநாட்டில் ஒரு குழு, மேற்கில் ஒரு குழு, கிழக்கில் ஒரு குழு என்று பிரிந்து நின்று, தொடங்கிய நேரத்தையும் முடிந்த நேரத்தையும் செக்கன் கணக்கில் குறித்துக்கொள்ளும்படி பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவைக்கலாம்.