கோபுரத்தின் மூளை எங்கே?

எங்கள் பள்ளி மதிலுக்கு அப்பால் ஓர் அலைபேசிக் கோபுரம் இருக்கிறது. பத்தாம் வகுப்பில் ஒளிவிலகல் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் ஜன்னல் வழியே அதைக் காட்டி, “சார், அந்த டவருக்குக் கீழே ஏன் ஏசி ரூம்?” என்று கேட்டான். “அது பாடத்தில் இல்லை, உட்கார்” என்றேன். மாலை வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். மறுநாள் வகுப்பில் சொன்னதையே இங்கே பகிர்கிறேன்.

கோபுரத்தில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. மேலே உள்ள ரேடியோ கருவி அலைகளை அனுப்பும், பெறும். கீழே உள்ள கணிப்பு அலகு அலைகளிலிருந்து பேச்சையும் தகவலையும் பிரித்தெடுக்கும். யாருக்கு எப்போது அலைவரிசை ஒதுக்குவது என்றும் முடிவு செய்யும். மேலே இருப்பவை காதும் வாயும் என்றால், கீழே இருப்பது மூளை. அது சூடாகும், அதனால்தான் ஏசி.

கோபுரத்துக்கு ஒரு மூளை என்பது செலவு மிகுந்த ஏற்பாடு. பகலில் அலுவலகப் பகுதியில் நெரிசல். மாலையில் அது குடியிருப்புப் பகுதிக்கு நகர்ந்துவிடும். ஒரு மூளை திணறும்போது இன்னொன்று சும்மா இருக்கும். எனவே மூளைகளை ஒரே மையத்தில் சேர்த்து, கண்ணாடி இழையால் கோபுரங்களோடு இணைத்து, கணிப்புத் திறனைத் தேவைக்கேற்பப் பங்கிடலாம் என்று 2010இல் சைனா மொபைல் ஆய்வு நிறுவனம் முன்மொழிந்தது. இதுவே ‘சி-ரான்’ எனப்படும் மேகக்கணிமை ரேடியோ வலையமைப்பு.

அதே மாணவன் மீண்டும் எழுந்தான். “அப்போ நாடு முழுக்க உள்ள மூளையை ஒரே ஊர்ல வச்சிடலாமே சார்?”

விடை நான் நடத்திய பாடத்திலேயே இருந்தது. கண்ணாடியின் ஒளிவிலகல் எண் சுமார் 1.5. ஆகவே இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில்தான் செல்லும். மாணவர்களே கரும்பலகையில் கணக்குப் போட்டார்கள். 20 கி.மீ. போய்த் திரும்ப 0.2 மில்லி நொடி, 1000 கி.மீ. போய்த் திரும்ப 10 மில்லி நொடி. ஆனால் 4ஜி முறையில், கைபேசி அனுப்பிய தகவல் சரியாக வந்ததா என்பதற்கு வலையமைப்பு 4 மில்லி நொடியில் பதில் சொல்லியாக வேண்டும். அதில் பெரும்பகுதி கணிப்புக்கே போய்விடும். அதனால் மையம் சுமார் 20 கி.மீ.க்குள் இருப்பதே வழக்கம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு ஆண்டெனாக்கள் கொண்ட ஒரு 20 மெகாஹெர்ட்ஸ் 4ஜி அலைவரிசை, பயனர்களுக்கு நொடிக்கு அதிகபட்சம் 150 மெகாபிட் தரும். அந்த அலையை அப்படியே எண்களாக்கி இழையில் அனுப்பவோ நொடிக்குச் சுமார் 2,500 மெகாபிட் வேண்டும்.

இதற்கு 5ஜி ஒரு வழி கண்டது. கணிப்பு வேலையைப் பிரித்து, ஒரு பகுதியைக் கோபுரத்து ரேடியோ அலகிலேயே முடித்துவிடலாம். இழையின் சுமை குறையும். மில்லி நொடிக் கணக்கிலான அவசர வேலைகளை அருகில் உள்ள அலகு பார்க்கும். மற்றவற்றைத் தொலைவில் உள்ள மைய அலகு பார்க்கும்.

ஒளியியல் நடத்தும் ஆசிரிய நண்பர்கள் இந்தக் கணக்கை வகுப்பில் போட்டுப் பார்க்கலாம். பத்து நிமிடம் போதும். ‘பாடத்தில் இல்லை’ என்று சொல்வதை நான் இப்போது நிறுத்திவிட்டேன். ‘நாளை சொல்கிறேன்’ என்கிறேன்.