உங்களுக்குத் தெரியுமா? தாலிக்கு முன் எழுத்து

நல்லூரில் கலியாண நாள் குறித்ததும் மண்டபத்துக்கும் மேளத்துக்கும் ஓடுவார்கள். விவாகப் பதிவாளரை அதற்கும் முன்னரே பார்ப்பது நல்லது.

1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, விவாக அறிவித்தல் கொடுப்பவர் அந்தப் பதிவாளர் பிரிவில் குறைந்தது 10 நாள் வசித்திருக்க வேண்டும். மணமகள் நல்லூர், மணமகன் சாவகச்சேரி என்றால் இரண்டு இடத்திலும் அறிவித்தல் கொடுக்க வேண்டும். 12 நாள் கழிந்தபின் சான்றிதழ் கிடைக்கும். 3 மாதத்துக்குள் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, நடக்காவிட்டால் எல்லாம் முதலிலிருந்துதான்.

குறுகிய லீவில் வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு அந்த 12 நாளே பெரும் தலையிடி. அப்போது கைகொடுப்பது விசேட அனுமதிப்பத்திரம். அதை மாவட்டப் பதிவாளரிடம் பெறலாம்.

பதிவில்லாத வழக்காற்றுத் திருமணமும் செல்லும். ஆனாலும் வழக்கென்று வந்தால் பதிவேட்டுக் குறிப்பே சிறந்த சான்று.